உன் பெயரில் கேட்ட லைசென்ஸ்

பிள்ளைப்பாக்கம்
17-11-1991, ஞாயிறு

அன்பு மகன் தமிழ்வாணனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை அமலா எழுதுகிறாள். நாங்கள் மூன்று பேரும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, சாரத்தில் ஏறும்போது பார்த்துக் கால் வைத்து, வல்லக்கோட்டை முருகன் புண்ணியத்தில் நன்றாக இருப்பாய் என்றுதான் தினமும் நினைத்துக்கொண்டு படுக்கிறேன். மழை தீபாவளிக்கு முன்பே பிடித்துவிட்டது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது. சிவப்புக் கோழி பதினொரு குஞ்சு பொரித்திருக்கிறது, கூடு நனையாமல் மேலே ஒரு பெயிண்ட் அடித்த தகரம் போட்டிருக்கிறோம், அந்தத் தகரத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஏணி ஏறாதே என்றால் கேட்பதில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்று பேச்சு, வெள்ளைக் கார்களில் வந்து யார் யார் நிலம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கடிதம் உன் அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறோம். அவர் ஒரகடத்தில் கட்டுகிற அரிசி மில்லில் சிமெண்ட் மூட்டைக்குக் காவலாகப் படுக்கப் போயிருக்கிறார், அதனால்தான் இன்றைக்கு எழுத முடிந்தது. அமலா பயந்துகொண்டே எழுதுகிறாள், தெருவில் சைக்கிள் சத்தம் கேட்டால் தாளை மடியில் ஒளிக்கிறாள், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். நீ நடுவில் கோபப்பட்டு மடித்து வைக்காமல் கடைசிவரை படி. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா உன்னைக் கேட்காமல் உன் பெயரில் கான்ட்ராக்டர் லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறார். அந்த மனுவில் உன் கையெழுத்தை அமலா போட்டிருக்கிறாள்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வருஷமாக அவர் கான்ட்ராக்டர் பாண்டுரங்கனிடம் மேஸ்திரி. சுற்றி இருக்கிற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வராந்தா, ரேஷன் கடை, எத்தனை கட்டினார் என்று உனக்குத் தெரியும், நானும் கூடவே சித்தாளாகக் கலவை சுமந்தவள்தான். இனி வருகிற வேலைகளை நாமே எடுத்துச் செய்யலாம், சின்னச் சின்ன அரசாங்க வேலையாவது நம் பெயரில் இருக்கட்டும் என்று ஆடி மாதத்தில் அவருக்குத் தோன்றியது. பதிவு செய்ய, முன்னால் வேலை செய்ததற்கு எழுத்துச் சான்று வேண்டுமாம். பாண்டுரங்கனிடம் போய்க் கேட்டார். அந்த ஆள் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டே, "வேலையெல்லாம் எம்பேர்ல கீது கன்னியப்பா, கை மட்டுந்தானே உன்னுது, கைக்கு இன்னா சர்ட்டிபிகேட்டு?" என்று சொன்னாராம். அதற்கு மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் சுப்பனிடம் போயிருக்கிறார். அவன், "அஞ்சாங்கிளாஸ் தாண்டாத ஆளுக்கெல்லாம் குடுக்க மாட்டான் மேஸ்திரி, உம் புள்ள பத்தாவது பாஸ் இல்ல, அவன் பேர்ல போடு, வெளிநாட்டுல கட்டட வேலை பாத்த அனுபவம்னு எழுதிக்கலாம்" என்று யோசனை சொல்லியிருக்கிறான். இவரும் சரி என்று வந்துவிட்டார். இதில் வேறொன்றும் இருக்கிறது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். லைசென்ஸ் உன் பெயரில் வந்துவிட்டால் நீ மஸ்கட்டை விட்டு வந்துவிடுவாய் என்று நினைக்கிறார். கோழிக்கூட்டின் மேல் போட்டிருக்கிற தகரம் அதுதான். ஸ்ரீபெரும்புதூரில் பெயிண்டரிடம் கொடுத்து, தமிழ்வாணன் கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் என்று சிவப்பில் எழுதி வாங்கி வந்திருந்தார். லைசென்ஸ் வருவதற்கு முன் யாரும் பார்க்கக்கூடாது என்று எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டிருக்கிறார். இப்போது கோழிகள்தான் அண்ணாந்து பார்த்துப் படிக்கின்றன.

கையெழுத்து விஷயத்தில் என் மேலும் குற்றம் இருக்கிறது. நீ இங்கே இருந்தவரைக்கும் அமலாவின் ரேங்க் கார்டில் நீதானே போடுவாய். நீ போன பிறகு அவளே உன் கையெழுத்தைப் பார்த்துப் பழகிப் போட ஆரம்பித்தாள், இரண்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எனக்குக் கைநாட்டுத்தான், அப்பா தன் பெயரை எழுதுவதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்குவார், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வெட்கம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டு அடிப்பார் என்று பார்த்தால், "அப்டியே அவன் கைதாம்மே, வால் கூட அதே மாரி சுத்துது பாரு" என்று எனக்குக் காட்டிச் சிரித்தார். அன்றைக்கே நாங்கள் கண்டித்திருக்க வேண்டும். சுப்பன் முத்திரைத்தாளைக் கொடுத்து மகனைக் கையெழுத்துப் போடச் சொல் என்றதும் நேராக இவளிடம் நீட்டிவிட்டார், "கார்டுல போடறல்ல, அதே மாரி இதுலயும் போடும்மா" என்றார். இவளும் அப்பா சொல்கிறாரே என்று மூன்று இடத்தில் போட்டுவிட்டாள். எனக்கு அன்றைக்குத் தெரியாது, நான் நாற்று நடப் போயிருந்தேன்.

இப்போது என்னவென்றால் லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸிலிருந்து தபால் வந்திருக்கிறது. மனுதாரர் வருகிற டிசம்பர் பதினாறாம் தேதி காலை பதினோரு மணிக்கு நேரில் வரவேண்டுமாம். உன் அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். உன் அத்தை மகன் பாபுவுக்கு உன் வெள்ளைச் சட்டையைப் போட்டு உட்காரவைத்து, நீயாகப் பேசப் பழக்குகிறார். "பேரு இன்னாப்பா?" என்று இவர் அதிகாரி மாதிரி கேட்டால், அவன் கையைக் கட்டிக்கொண்டு "பாபு, மாமா" என்கிறான். மறுபடி கேட்டால் "தமிழ்வாணன், மாமா" என்கிறான். சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். வைகாசியில் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்ததை நீ அங்கே ரேடியோவில் கேட்டிருப்பாய். அதற்குப் பிறகு போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்து யார் இருக்கிறார்கள், யார் வெளியூரில் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதில் உன்னை மஸ்கட் என்று எழுதிப் போயிருக்கிறார்கள். அமலா பத்து நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைக்கிறாள். "அந்த நோட்டுல அண்ணன் மஸ்கட்ல கீது, இந்தப் பேப்பர்ல இங்க வந்து கையெழுத்துப் போட்டுக்கீது, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா இன்னாம்மா ஆவும்" என்று கேட்கிறாள். பத்தாவது எழுதவேண்டிய பெண்ணுக்கு இந்தப் பயம் எதற்கு.

நானும் சும்மா இருக்கவில்லை. அப்பா பதினெட்டு வருஷம் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் யார் என்று யோசித்தேன். பில் போடும் முன் கட்டடத்தை டேப்பால் அளப்பார்கள் அல்லவா, ஒரு முனையை ஓவர்சியர் பிடிப்பார், மறுமுனையை எப்போதும் உன் அப்பாதான் பிடிப்பார், பாண்டுரங்கன் அந்நேரம் நிழலில் நிற்பார். அந்த ஓவர்சியர் ஜெபக்குமார் ரிட்டயர் ஆகி வாலாஜாபாத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, போன செவ்வாய்க்கிழமை தலைவலி என்று களையெடுக்கப் போகாமல் பஸ் ஏறிப் போனேன். முதலில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. கன்னியப்பன் என்று எத்தனையோ பேர் என்றார். நான் வல்லக்கோட்டை ரோட்டுப் பள்ளிக்கூடம் என்றேன், ரேஷன் கடை என்றேன், தெரியவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு போடும்போது உன் அப்பா என்ன செய்வார் என்று உனக்குத் தெரியும். கான்கிரீட் கொட்டும் முன் பலகையின் ஓரத்தில் கயிற்றை ஆணியடித்து வைப்பார். பலகையைப் பிரித்துக் கயிற்றை உருவினால் அடியில் கோடாகப் பள்ளம் நிற்கும், மழைத்தண்ணீர் அதைத் தாண்டிச் சுவருக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும். எல்லா மேஸ்திரியும் ஒரு கோடு வைப்பார்கள், இவர் இரண்டு வைப்பார். அதைச் சொன்னதும் ஓவர்சியர் எழுந்து நின்றுவிட்டார். "ரெட்டைக் கோட்டு மேஸ்திரியாம்மா! மொதல்லயே சொல்லக்கூடாது? எஸ்டிமேட்ல ஒரு கோடுதான்யா, ரெண்டாவதுக்குப் பைசா கெடையாதுன்னு திட்டினேன். காசு வாணாம் சார், செவுரு நனையக்கூடாதுன்னான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் மகள் காபி கொடுத்தாள். மழை விட்டதும் ஸ்கூட்டரில் போய் மூன்று கட்டடத்தின் அடியில் அவரே கைவைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, ஏழு வேலைகளின் பெயரைப் போட்டு, இவை கன்னியப்பன் என்ற மேஸ்திரி முன்னின்று செய்தவை, அளந்தவன் நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படிக்காதவர் என்றால் தரமாட்டார்களாமே என்று கேட்டேன். "கைநாட்டுக் கான்ட்ராக்டர் நாலு பேருக்கு நானே பில் எழுதிக்கீறேன், எவன் சொன்னான்?" என்றார். இந்தத் தாள் போதுமா போதாதா என்று ஆபீஸ்தான் சொல்லவேண்டும், வேண்டுமானால் கூட வந்து சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். தாள் இப்போது அரிசி டின்னுக்குள் இருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

காட்டினால் என்ன என்று நீ கேட்பாய். காட்டினாலும் உன் பெயரை விடமாட்டார். பிள்ளைக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவரிடம், பிள்ளைதான் வேண்டாம் என்று சொல்லவேண்டும். அதனால் நீ உடனே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, பாபு எழுதித் தெரிந்தது என்று வைத்துக்கொள், அவனிடம் நான் சொல்லிவிட்டேன். போன கடிதத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடட்டுமா என்று கேட்டிருந்தாயே, உனக்கு மனசு இருந்தால் போடு, எங்களுக்காக வேண்டாம் என்று சொல்லாதே. அதையும் தெளிவாக எழுதிவிட்டு, லைசென்ஸ் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், வேலை தெரிந்தவர் நீங்கள், நான் திரும்பி வந்தால் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்துகொள்கிறேன் என்று எழுது. உன் கடிதத்தை அமலாதான் அவருக்கு உரக்கப் படிக்கவேண்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள், அவள் வாயில் வர முடியாத வார்த்தை எதுவும் வேண்டாம். அவளையும் திட்டாதே. தகரத்தில் உன் பெயரை அழிக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

உன் கடிதம் பதினாறாம் தேதிக்குள் வராவிட்டாலும் நான் விடப்போவதில்லை. அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் நான் போய்விடுவேன். பாபு வந்து நிற்பதற்கு முன்னால் நான் அந்த அதிகாரி முன்னால் நிற்பேன். என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான், இது அவன் கையெழுத்து இல்லை, மனுவைத் திருப்பிக் கொடுங்கள், போடச் சொன்னது நான் என்று சொல்வேன். இந்த வரியை எழுத மாட்டேன் என்று அமலா பேனாவை வைத்துவிட்டாள், எழுதடி என்று அதட்டி எழுத வைத்தேன். என்னை என்ன செய்வார்களோ செய்யட்டும். இந்தப் பெண்பிள்ளையின் பெயர் எந்தத் தாளிலும் வரக்கூடாது. அப்புறம் ஓவர்சியர் கொடுத்த தாளையும் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போவேன், இந்தத் தடவை கிடைக்காவிட்டால் அடுத்த தடவை. சுவரில் தண்ணீர் ஏறாமல் கட்டத் தெரிந்தவருக்கு ஒரு சீட்டு வாங்க முடியாதா என்ன.

நீ நூறு வயசு நன்றாக இரு கண்ணு. சாரத்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறாதே. கார்த்திகை தீபத்தன்று உனக்காக ஒரு அகல் கூடுதலாக ஏற்றுகிறேன். இது கிடைத்த மறுநாளே அப்பாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிடு, மறந்துவிடாதே.

அண்ணா, அம்மா கோழிக்கூட்டை மூடப் போயிருக்கிறாள், அதற்குள் நான் எழுதுகிறேன். மாதப் பரீட்சை ரேங்க் கார்டு நாலு நாளாகப் பைக்குள் இருந்தது, டீச்சர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பேனாவை எடுத்தேன், உன் பெயரைப் போட முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன். இன்றைக்கு அம்மாவிடம் நீட்டினேன். விளக்குக் கரியைத் தொட்டு அதில் விரலை வைத்துவிட்டாள். கிளாஸில் எல்லாரும் சிரிப்பாங்கம்மா என்றேன். "சிரிச்சா சிரிக்கட்டும்டி, எவ வெரலையும் பாத்து வெச்ச வெரலு இல்ல இது" என்றாள். நாளைக்குக் கார்டைக் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுவேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா அம்சவல்லியின் இடது கைப் பெருவிரல் ரேகை.

எழுதியது அமலா. இது என் சொந்தக் கையெழுத்து.