இரத்தத்தில் இல்லாத சின்னம்மை

அன்புள்ள நானாய், என் அம்மா,

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? நம்மூர் தக்லோபானில் மழை விட்டதா? இங்கே கடல் கடந்து ஸ்டாக்டனில் நான் நலம்.

கல்லூரியில் நர்ஸிங் சேர என் மார்க் போதுமாம். தடுப்பூசி அட்டைதான் கேட்டார்கள். சேர்க்கைப் பிரிவில் இருக்கும் டெனிஸ் மேடத்திடம், "அது புயல்ல வீட்டோட போயிருச்சுங்க. சின்னம்மை எனக்குச் சின்ன வயசுலயே வந்துருச்சு. சொறியக் கூடாதுன்னு எங்கம்மா ரெண்டு கையிலயும் மாவுச் சாக்குத் துணியைக் கட்டி வச்சாங்களாம்" என்று நீங்கள் சொல்லும் கதையைச் சொன்னேன்.

"நான் நம்புறேம்மா, காலேஜ் நம்பாது. டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வா" என்றார்.

கொடுத்தேன். சின்னம்மை எனக்கு வந்ததே இல்லையாம். அதற்கும் ஊசி போட்டார்கள். கை லேசாக வீங்கி வடிந்துவிட்டது, கவலைப்படாதீர்கள். இடம் கிடைத்துவிடும்.

கருவாடு அனுப்பினால் கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். அந்த வாசனை இருந்தால் அறையில் இன்னும் யாரோ இருப்பது போலிருக்கிறது.

நானாய், கையில் துணி கட்டிக்கொண்டு அழுதது தங்கச்சி மைலீன்தானே? அப்போது என்னை ஏன் ஓர்மோக் சித்தி வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. அந்தப் புயலில் கடல் அவளைக் கொண்டுபோன பிறகு நீங்கள் அவள் பெயரை எடுப்பதே இல்லை. அவள் கதைகளை என் பெயரில் சொல்கிறீர்கள். எனக்கு வருத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தக் கதையை ஒருமுறை அவள் பெயரிலேயே சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மூத்தவள்,
ஜோவெலின்