மதிலைத் தாண்டாத தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு அருஞ்சுனை வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நான் தோட்டவேலை பார்க்கும் வீட்டில் கிணறு இருக்கிறது. இந்தப் பாலைவன ஊரில் சொந்தக் கிணற்றுக்கும் அரசு அனுமதி, மீட்டர் எல்லாம் வேண்டும். தண்ணீர் மதிலைத் தாண்டக் கூடாது. அப்பா இறந்த அன்று, அவரைக் குளிப்பாட்டத் தம்பி நீர்மாலை எடுக்கப் போகிறான் என்று போனில் சொன்னீர்களே, அப்போது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூத்தவன் அல்லவா! குடம் இல்லை. பிளாஸ்டிக் வாளியில் இறைத்துத் தோளில் வைத்து, எதிரே இருக்கும் என் அறைக்கு நடந்தேன். வாசல் காவலுக்கு நிற்கும் வீரசோழன் ஊர்க்காரர் அப்பாஸ் அண்ணன் மறித்தார்.

“ஏலே, வெளிய கொண்டு போகக் கூடாதுல்ல. யாருக்குத் தண்ணி?”

“எங்க அப்பாவுக்கு.”

கேட்டைத் திறந்துவிட்டார். அவர் வேலை போய்விடுமே என்று நான்தான் தாண்டவில்லை. உள்ளேயே ஒரு பேரீச்சங்கன்றின் தூரில் ஊற்றிவிட்டேன். வீணாகவில்லை, வருந்தாதீர்கள்.

அப்பாஸ் அண்ணன் ஊருக்கு வருகிறார், இந்தக் கடிதத்தைத் தருவார். திரும்பும்போது அவரிடம் கொஞ்சம் கருப்பட்டியும் அப்பாவின் துண்டும் கொடுத்துவிடுங்கள். அவர் பெட்டியைக் கட்டிவிட்டார், முடிக்கிறேன். போனில் கேட்க வாய் வராத ஒன்று: அப்பா வெட்டிய நம் கிணறுதான் வற்றிக் கிடக்கிறதே, தம்பி நீர்மாலைக்கு எங்கே தண்ணீர் எடுத்தான்? லாரித் தண்ணீர் இல்லையே, அம்மா?

அருஞ்சுனை