நீ கஸ்தூரி பக்கத்தில் போய் உட்கார்ந்தது பற்றி

என் ஏழுமலைக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருவும் ஒரு மாவு மில்லும்தானே இருந்தன. இப்போது நம் மாடித்தோட்டக் கூட்டத்தின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்கிறார்கள். உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்ல எனக்கு வராது. உன்னிடமே சொல்லிவிடுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

வரிசை போடாமல் எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது, உனக்குத் தெரியும். ஆகவே முதலில் வரிசை:

1. உன் செடிகளின் நிலவரம்.
2. எனக்கு இருக்கும் பொறாமை.
3. நீ என்னை விட்டுவிட்டுக் கஸ்தூரியோடு ஜோடி சேர்ந்தது, அவருக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்று நீ நினைத்ததால்.
4. கரும்பை ஆராய்ந்த நம் கரும்பம்மாவைப் பற்றி நாளை நடக்கப்போகும் கேள்வி விளையாட்டு.

மூன்றாவதை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. இதைக் கஸ்தூரியும் படிப்பார். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

முதலில் செடிகள். உன் மகன் சரவணன் காலையில் வேலைக்குப் போகும் முன் மாடிக்குப் போய்த் தண்ணீர் விடுகிறான். ரோஜாவில் இரண்டு தொட்டி போய்விட்டன. பிரண்டை, யாரும் கவனிக்காமலே, டிஷ் ஆன்டெனாவைப் பிடித்து ஏறிவிட்டது. வெள்ளிமலையிலிருந்து நீ ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த மிளகுக் கொடி ஒரு புது இலை விட்டிருக்கிறது. அது பிழைக்காது என்று நான்தான் சொன்னேன். உன்னிடம் நான் சொன்னவற்றில் எத்தனை இப்படி ஆகியிருக்கிறதோ.

இரண்டாவது பொறாமை. அதைச் சொல்ல வேண்டுமானால், பக்கத்தில் நிற்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சர்க்கரை ஆலையில் ஆய்வுக்கூடத்துக்காரன். கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. நீ ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து டிராக்டரில் கரும்பு கொண்டுவருபவன். ஒருநாள் என் ஜன்னலில் தலையை நீட்டி, "எங்க கரும்புல சர்க்கர கம்மின்னு எழுதினது நீதானா?" என்று கேட்டாய். இரண்டாம் முறை சோதித்துக் காட்டினேன். அப்போதும் கம்மிதான். "சரி, டீ குடிக்க வர்றியா?" என்றாய். அன்றிலிருந்து நீ என் சிநேகிதன்.

வயதான பிறகு இருவரும் மாடியில் தொட்டி வைத்தோம், கூட்டத்தில் சேர்ந்தோம். ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கேள்வி விளையாட்டு. மருந்துக்கடை பாபு கேள்வி கேட்பார், இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும், பதில் தெரிந்தவர்கள் முன்னால் இருக்கும் பூவாளியைத் தட்ட வேண்டும். தோற்ற ஜோடியின் தோட்டத்திலிருந்து ஜெயித்தவர்கள் ஒரு செடியை எடுத்துக்கொள்ளலாம்.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. நான் பதிலைச் சீட்டில் எழுதி உன்னிடம் நகர்த்துவேன். நீ அதைப் பார்த்துவிட்டு, ஏதோ உனக்கே இப்போதுதான் தோன்றியது போலத் தாடையைச் சொறிந்துகொண்டு சொல்வாய். கைதட்டல் உனக்கு வரும். அதில் எனக்குப் பொறாமை இருந்ததே இல்லை. தட்டி முடித்ததும் நீ என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைப்பாயே, அது எனக்குப் போதும்.

அப்புறம் அந்த வெங்காயக் கேள்வி வந்தது. வெங்காயத்தில் நாம் சாப்பிடுவது வேரா, தண்டா, இலையா? நான் 'இலை' என்று எழுதி நகர்த்தினேன். நீ சீட்டைப் பார்த்தாய், மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். பிறகு பூவாளியைத் தட்டி, "வேருப்பா" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டே அதை நம்பாமல் வேறு பதில் சொன்னாயே என்று எனக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை இலை என்பது தவறோ என்று புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு நீ என் பக்கத்துப் பாயைத் தாண்டிப் போய்க் கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்தாய். சங்கராபுரம் சாலையில் தையல் கடை வைத்திருப்பவர், பாகல் பந்தல் போடுவதில் கெட்டிக்காரர், பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். "பரசு கூட ஒக்காந்தா பரிட்ச எழுதற மாதிரி கீதுப்பா. கொஞ்ச நாளைக்கு இந்தம்மா கூட ஆடறேன்" என்று சொல்லிச் சிரித்தாய்.

எனக்கு ஜோடியாகக் குப்புசாமியைக் கொடுத்தார்கள். அவருக்குச் செடி வளர்க்கத் தெரியும், கேள்வி என்றால் தூக்கம் வந்துவிடும். எதிரே கஸ்தூரி உன் காதருகே குனிந்து பதில் சொல்வதும், நீ தலையாட்டுவதும், பூவாளி ஒலிப்பதும். ஒவ்வொரு ஒலிக்கும் நான் என் சீட்டை இன்னும் சிறியதாக மடிப்பேன். ஊர் ஒரு மாதிரிப் பேசும் என்று ஒருநாள் உன்னிடம் சொன்னேன். ஊர் எதுவும் பேசவில்லை. நான்தான் பேசினேன்.

நீங்கள் ஜெயித்த வாரம் என் மாடிக்குச் செடி எடுக்க வந்தாய். மஞ்சள் ரோஜா முதல் பூ விட்டிருந்தது, அடுக்குச் செம்பருத்தி இருந்தது. நீ ஒவ்வொரு தொட்டியாக இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டே போய், கடைசியில் திருநீற்றுப்பச்சையைத் தூக்கிக்கொண்டாய். அது எங்கு வேண்டுமானாலும் சும்மா கிடைக்கும் செடி. "ரோஜா எடுத்துக்கோ" என்றேன். "இதுவே போதும்பா, மணமா கீது" என்றாய். என் தோட்டத்தில் எடுக்கத் தகுந்தது வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது போல இருந்தது.

இன்னொன்று. நீங்கள் இருவரும் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறியதைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். சாயங்காலம் கேட்டபோது, திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன் என்றாய். நான் பார்த்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பொய் சொல்லிப் போகிற அளவுக்கு அவரிடம் என்ன இருக்கிறது?

பிறகு உனக்கு நெஞ்சுவலி வந்தது. கேட்கவேண்டியதைக் கேட்காமலே உன்னை அனுப்பிவைத்தேன்.

நாளை விளையாட்டு, கஸ்தூரி வீட்டு மாடியில். தலைப்பு நீ பாபுவிடம் கொடுத்துவிட்டுப் போனது: கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்த அந்த அம்மையார், நம் கூட்டம் செல்லமாகக் கரும்பம்மா என்று கூப்பிடுபவர். அது என் பாடம், ஏழுமலை. பெண்கள் கல்லூரி வாசலைத் தாண்டுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் தனியாகக் கப்பல் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். என் வேலைக்காலம் முழுவதும் மேசை மேல் வந்த கரும்புக்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் உழைப்பு இருந்தது. உனக்கு அவரைப் பற்றிச் சொன்னதே நான். என் பாடத்தை எடுத்துக் கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து ஜெயிக்கப் பார்த்தாயா?

இங்கே நிறுத்துகிறேன். மீதி, விளையாட்டு முடிந்த பிறகு.

ஞாயிறு முடிந்தது. இங்கிருந்து என் எழுத்து பெரிதாக இருக்கும். அச்சில் அது தெரியாது.

குப்புசாமி தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கஸ்தூரிக்கு நீ இல்லை. பாபு எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் சேந்துக்கங்களேன்" என்றார். நீ உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கையெட்டும் தூரத்தில், நீ எடுத்துப் போன என் திருநீற்றுப்பச்சை, புதர் மாதிரி மண்டி நின்றது.

"கடல் தாண்டிப் போச்சாமே அந்தம்மா. நம்ம சார் வெள்ளிமலைக்கு பஸ் ஏறச் சொன்னாலே வளைவுல வாந்தி வரும்னு சொல்றவரு" என்றார் கஸ்தூரி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்தது.

முதல் கேள்வி: கரும்பம்மா கரும்போடு கலந்து பார்த்த தானியப் பயிர் ஒன்று சொல்லுங்கள். மக்காச்சோளம் என்று எழுதி நகர்த்தினேன். கஸ்தூரி சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார், கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார். "இன்னா சார் இது, எறும்பு ஊர்ந்துக்கினு போற மாதிரி?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அடுத்த ஜோடி பூவாளியைத் தட்டிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த கேள்விகளை நான் சரியாகக் கேட்கவில்லை. வெளிநாட்டுத் தோட்டத்தில் அந்த அம்மையாரின் பெயரோடு பூக்கும் வெள்ளைப் பூ, நம் செண்பகத்துக்குச் சொந்தக்காரப் பூ, அதைக்கூடத் தவறவிட்டேன். என் பாடத்தில் நானே தோற்றேன்.

டீ வந்தபோது, "ஏன் அழுதீங்க?" என்று கேட்டேன். அவரிடம் நானாக ஒன்று கேட்டது அதுதான் முதல் முறை.

"இந்த எழுத்தத்தான் சார் ஏழுமலை அண்ணனால படிக்க முடியல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"விதைக் கடையில ஒருநாளு பாக்கெட்ட என்கிட்ட நீட்டி, இதுல இன்னா போட்டுக்கீது பாரு, கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டேன்னாரு. கண்ணாடி மூக்கு மேல கீது சார். எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு, எனக்குத் தெரியாதா? பாண்டி கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். சக்கர ஜாஸ்தியாகி கண்ணு கெட்டுக்கினு வருதுன்னாங்க, ஊசி போட்டாங்க. ஓரத்துல தெரியுது கஸ்தூரி, நடுவுலதான் ஒண்ணும் இல்லன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க இன்னா செஞ்சிருப்பீங்க?"

யோசித்தேன். "சரவணன்கிட்ட சொல்லியிருப்பேன்."

"அதான். சரவணன் மாடிக்கதவப் பூட்டியிருக்கும். கண்ணு போறதுக்குக்கூட அவ்ளோ பயப்படல சார் அவரு, செடிகிட்ட போக வுடமாட்டாங்கன்னுதான் பயந்தாரு. சார பெருசா எழுதச் சொல்லேண்ணேன்னு நானே கேட்டேன். பெருசா எழுதுன்னா ஏன்னு கேப்பான், நம்பர் போட்டு வரிசையா கேப்பான், என்னால அவன்கிட்ட பொய் சொல்ல முடியாதுன்னாரு."

"திருக்கோவிலூர் கல்யாணம்னு சொன்னானே?"

"அந்த ஒரு பொய்க்கே ரெண்டு நாளு உங்க வூட்டுப் பக்கம் வரல, கவனிச்சீங்களா?"

கவனித்தேன், ஏழுமலை. அதற்கும் வேறு காரணம் கற்பித்து வைத்திருந்தேன்.

கரும்பம்மா தலைப்பை எனக்காகத்தான் எடுத்தாயா என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது சார், எனக்கும் எல்லாத்தையும் சொன்னவரு இல்ல" என்று எழுந்து போய்விட்டார். நீதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வாய்?

அப்படியானால் அன்று என் மாடியில் நீ இலையைக் கசக்கிக்கொண்டே போனது, பார்த்து எடுக்க முடியாததால். முகர்ந்து எடுத்தாய். மஞ்சள் ரோஜாவின் முதல் பூ உனக்குத் தெரியவே இல்லை.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இடம் மாறியிருக்கிறது. உன்னைப் பாண்டிச்சேரி பேருந்து நிலையத்தில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவர் கஸ்தூரி. அது என் முதுகில் அடித்த கை. உனக்கு ஊசி போட்டுவிட்டு வெளியே அனுப்பியபோது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவர். நான் உட்கார வேண்டிய இடம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நான் உட்கார்ந்திருந்தால் மறுநாளே உன் மாடிக்கதவு பூட்டப்பட்டிருக்கும். உன் நன்மைக்குத்தான் என்று நானே சாவியை வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன். அது அவருக்கும் தெரிகிறது, உனக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் கேட்ட பிறகு தெரிந்தது. இப்போது சரவணனும் இதைப் படிப்பான். படிக்கட்டும். இனி உன்னை மாடி ஏற வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

வீடு திரும்பி மாடிக்குப் போனபோது ஒன்று நினைவுக்கு வந்தது. கடைசி மாதங்களில் சாயங்காலம் என் மாடிக்கு வந்தால், மேற்கே பார்த்து நின்றுகொண்டு, "இன்னிக்கு மலை தெரியுதாப்பா?" என்று கேட்பாய். கோபத்தில் இருந்தேன் நான். "கண் இருக்கில்ல, பாரேன்" என்று சொல்லிவிட்டுக் களை பிடுங்கப் போய்விடுவேன். நீ அங்கேயே நின்றுகொண்டிருப்பாய், கல்வராயன் மலை இருக்கும் பக்கமாக.

இனி தினமும் மாலையில் மாடிக்கு வந்து மலை தெரிகிறதா இல்லையா என்று உனக்குச் சொல்வேன். சீட்டில் எழுத மாட்டேன். பக்கத்து மாடியில் ஆள் இருந்தாலும் வாய்விட்டுச் சொல்வேன். இன்று தெரிகிறது. உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம், அடிவாரம் வரை சுத்தமாகத் தெரிகிறது.

மேலே வரிசையில் மூன்றாவதாக எழுதியது தவறு. அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். நீ இருந்தபோது ஒரு தெரு தள்ளி இருந்துகொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை ஒருநாளும் அண்ணா என்று கூப்பிடாத தம்பி,
பரசுராமன்