பத்தடி தூரம்

ஹால்ட்விசில்,
ஆகஸ்ட் 27.

அன்புள்ள எட்வின் அவர்களுக்கு,

லோர்னா எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரர் ஸ்டூவர்ட்டும் சுகம். நீங்கள் விட்டுப்போன பூனையும் சுகம். சுகமாக இருப்பதைத் தவிர அது வேறு எந்த வேலையும் செய்வதில்லை. ஹோபார்ட்டில் இப்போது குளிர்காலமாமே. மகன் வீட்டில் உங்களுக்கு எல்லாம் வசதியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தடித்த கறுப்புப் பேனாவால் எழுதுகிறேன். பக்கத்துக்குப் பத்து வரிகூடப் பிடிக்கவில்லை. தபால் பிரிக்கும் வேலை பார்ப்பவள் நான், இதைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிகிறது, இது கடிதம் இல்லை, பார்சல். இதையும் மீறிப் படிக்கக் கஷ்டமாக இருந்தால் மருமகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் உங்களைத் திட்டும் இடங்களில் கொஞ்சம் குரலை உயர்த்திப் படிக்கச் சொல்லுங்கள். போனில் பேசிவிடலாமே என்று ஸ்டூவர்ட்டிடம் உங்கள் மகன் கேட்டாராம். நீங்கள் பேசலாம். நான் என்ன செய்வது?

முக்கியமான சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் விழாவில் நான் வரிசையில் நின்றேன். பெண்கள் கூடாரத்தில் பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இல்லை. கேடயமும் ஈட்டியுமாக, இரண்டாம் வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக, என் பழைய இடத்தில். அதற்கு நீங்கள்தான் காரணம். நேரில் சொன்னால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவீர்கள். எழுத்தில் எழுதினால் தப்பிக்க முடியாது. நன்றி, எட்வின். மனசு நிறைந்து சொல்கிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், ரோமானியச் சிப்பாய் வேஷம் கட்டி அணிவகுக்கும் நம் குழுவில் நான் சேர வந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரோமானியப் படையில் பெண் ஏது என்று பாதிப் பேர். இது எந்த நூற்றாண்டு என்று மீதிப் பேர். நீங்கள் இரண்டு பக்கமும் சேரவில்லை. “ஆம்பளையா பொம்பளையான்னு எனக்குக் கவலை இல்லம்மா. பத்தடி தள்ளி நின்னு பாக்குறவங்களுக்கு ஹேட்ரியன் காலத்துச் சிப்பாயாத் தெரியணும். தெரிஞ்சா நில்லு, தெரியலன்னா போ” என்றீர்கள். பிறகு நிஜமாகவே நாடாவைப் பிடித்துப் பத்தடி அளந்து நின்று என்னிடம் ஏழு குறை கண்டுபிடித்தீர்கள். ஐந்தாவது குறை, வார்ச் செருப்புக்குள் தெரிந்த என் கால்விரல் நகப்பூச்சு. அன்று வீட்டில் போய் அழுதேன். கேவினை மூக்குக்கண்ணாடிக்காகவும், நம் தலைவர் கீத்தை அவருடைய தொப்பைக்காகவும் நீங்கள் வாங்கு வாங்கென்று வாங்கியதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவரவர் ஏழு குறையோடுதான் எல்லோரும் உள்ளே வந்திருக்கிறார்கள்.

இனி இந்த மார்ச்சில் நடந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் அது பாதி நன்றிதான்.

போன குளிர்காலத்துக் காய்ச்சலில் என் இரண்டு காதும் போனது எல்லோருக்கும் தெரியும். கீத் நல்ல மனுஷன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் ஆயிற்றே, பொறுமைக்குக் குறைவில்லை. ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக நின்று மெதுவாகச் சொன்னார்: “லோர்னா, நில்லுன்னு நான் கத்துறது உனக்குக் கேக்காது. உன் கையில ஈட்டி இருக்கு. கயித்துக்கு அந்தப் பக்கம் குழந்தைங்க நிக்குதுங்க.” அடுத்த மாதத்திலிருந்து பெண்கள் கூடாரத்தில் கோதுமை திரிக்கலாம், பருப்பு வேகவைக்கலாம், அதுவும் சரித்திரம்தானே என்றார். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் தாடி அசைந்தது. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஹேட்ரியன் பேரரசரே தாடி வைத்திருந்தார் என்று சொல்லி இருபது வருடமாக வளர்த்த தாடி; அதற்குள் உதடு எங்கே இருக்கிறது என்று யார் கண்டது? கீத்துக்கு ஒத்து ஊதுகிறீர்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் உங்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். “பதினோரு வருஷம் காத்திருந்து நினைச்சத முடிச்சிட்டீங்க. சந்தோஷமா இருங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னுகூட எனக்குத் தெரியல, உங்க மூஞ்சி பூரா மயிரு.” இதை இங்கே ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். எழுதும்போது கை கூசுகிறது.

நீங்கள் பதில் போடவில்லை. மூன்று வாரம் கழித்து என் வீட்டு வாசலில், ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பத்தோடு நின்றீர்கள். உச்சியில் விரித்த உலோகக் கை, கீழே வரிசையாக வட்டத் தட்டுகள். நம் பழைய படைக்கம்பம்தான், ஆனால் தூரத்திலிருந்தே தெரியும்படி தேய்த்து மினுக்கியிருந்தீர்கள். முகத்தில் தாடி இல்லை. எனக்கு அடையாளமே தெரியவில்லை. கேட்டதற்கு, அரிக்குது, எடுத்துட்டேன் என்றீர்கள். ஒவ்வொரு சொல்லும் உங்கள் உதட்டில் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. அப்போதும் என் மரமண்டையில் உறைக்கவில்லை.

கையில் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தீர்கள். ரோமானியர்கள் கட்டளையை வாயால் மட்டும் சொல்லவில்லை, கொம்பாலும் சொன்னார்கள், ஓசையே இல்லாமல் கம்பத்தை அசைத்தும் சொன்னார்கள் என்று அவர்களுடைய பழைய போர்நூல் ஒன்றில் இருக்கிறது என்று முதல் வரி. அந்த நூல் நம் ஹேட்ரியன் காலத்துக்கு இருநூறு வருடத்துக்கு மேல் பிந்தியது என்று இரண்டாம் வரி. எந்த அசைவுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது, இனி வருவதெல்லாம் என் ஊகம் என்று மூன்றாம் வரி, சிவப்பு மையில், அடிக்கோடிட்டு. உறுதியாகத் தெரியாத ஒரு தையலைக்கூட நம் சட்டையில் போட விடாத மனுஷன் பன்னிரண்டு பக்கம் ஊகம் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்காகவா என்று கேட்டேன். “உனக்காகன்னு யார் சொன்னா? இத்தனை வருஷமா கத்தியே காலத்த ஓட்டிட்டோம். அது தப்பு. தப்ப சரி பண்றேன்” என்றீர்கள்.

மே மாதத்தில்தான், கம்பத்தைப் பார்த்து நடக்கும் பயிற்சி முடிந்து காரில் வரும்போது, கீத் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மார்ச் கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதிக் காட்டினார். ‘குறை அவ காதுல இல்ல, நாம கட்டள குடுக்கிற விதத்துல. எனக்கு மூணு வாரம் குடு.’ எல்லோரும் தலையாட்டியது அதற்குத்தானாம். அப்போதுதான் அந்தத் தாடி எதற்காகப் போனது என்று எனக்கு விளங்கியது. விளங்கியும், நீங்கள் ஜூலையில் விமானம் ஏறும் வரை ஒரு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

இனி விழாவைப் பற்றி. காலையில் தூறல், பிறகு வெயில், கூட்டத்துக்குக் குறைவில்லை. அணிவகுப்பு ஒழுங்காகத்தான் போனது. கம்பம் சாய்ந்தால் நடந்தேன், ஊன்றினால் நின்றேன். பின்னால் வந்தவனை இடிக்க விட்டேனே தவிர முன்னால் போனவனை ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

ஈட்டி எறியும் கட்டம் வந்தது. மைதானத்தில் யாரும் இல்லை என்று ஸ்டூவர்ட் ஓரத்தில் நின்று பச்சைக்கொடி காட்டியாயிற்று. கம்பத்தை இரண்டு முறை உலுக்கினால் எறி. அது உங்கள் ஏழாம் பக்கம். கீத் கட்டளை கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. கூட்டத்திடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, கம்பம் பிடித்திருந்த கேவினின் கழுத்துப் பட்டைக்குள் ஒரு குளவி புகுந்துவிட்டது. பயல் கம்பத்தோடு ஒரு உலுக்கு உலுக்கினான், வலி தாங்காமல் இன்னொன்று. நான் எறிந்துவிட்டேன்.

என் ஈட்டி மட்டும் தன்னந்தனியாகப் போய்ப் புல்லில் குத்தி நின்றது. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். எட்வின், முடிந்தது கதை, பருப்புச் சட்டிதான் இனி என்று நினைத்தேன். காது கேட்காதவளை வரிசையில் விட்டால் இதுதான் நடக்கும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், சொன்னால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன்.

அப்போது என் தோளுக்கு இரண்டு பக்கமும் ஈட்டிகள் பறந்தன. ஒன்று, இரண்டு, ஏழு. ஏழும் போய் என் ஈட்டியைச் சுற்றி நின்றன. கூட்டம் கைதட்டியது, கைகள் அசைவதைப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று பிறகு எழுதிக் காட்டினார்கள். கீத் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, “கம்பம் சொல்லிடுச்சு. எறிங்கடா” என்றாராம். உங்கள் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி அது: கம்பம் சொன்னால் சொன்னதுதான், தப்பு நேர்ந்தால் அது கம்பம் பிடித்தவனுடையது, சிப்பாயுடையது இல்லை. கேவின் கழுத்து வீங்கி என்னிடம் வந்து, “தப்பு என்னோடதுக்கா, எட்வின்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றான். சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் உங்களுக்கு அதிகம் பிடிக்கும். விழா முடிந்ததும் ஒரு பெரியவர் கயிற்றோரம் வந்து ஸ்டூவர்ட்டிடம், “காது கேக்காத பொம்பள ஒருத்தங்க உங்க படையில இருக்காங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருந்ததே, அவங்க இன்னைக்கு வரலையா?” என்று கேட்டாராம். நான் அவர் எதிரிலேயே தலைக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் போனதும் நாடா எடுத்து அளந்தேன். ஒன்பதே முக்கால் அடி.

எட்வின், இன்னும் ஒரு விஷயம். இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் என்னிடம் எந்தக் குறையையும் மறைத்ததில்லை, அதனால் நானும் மறைக்கவில்லை. ஜூன் மாதம் கடைசியாக எங்களைப் பரிசோதித்தீர்களே, அன்று கேவின் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்து நின்றான். நீங்கள் அவனைப் பார்த்து, சரி, போ என்றீர்கள். கடிகாரம் வெயிலில் மின்னிக்கொண்டுதான் இருந்தது. அவன் கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றான். ஏன் ஊரை விட்டுப் போகிறீர்கள் என்று அதற்குப் பிறகு நாங்கள் யாரும் உங்களைக் கேட்கவில்லை.

அடுத்த ஆகஸ்டுக்கு வாருங்கள். மகனோடு வாருங்கள், எங்கள் வீட்டில் தங்குங்கள், பூனையும் நீங்களும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போடலாம். எங்களைப் பரிசோதிக்க ஆள் இல்லை. பத்தடியில் தெரியவில்லை என்றால் ஐந்தடியில் நில்லுங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் ஓரடியில் வந்து நின்று, கையால் தொட்டுப் பார்த்துக் குறை சொல்லுங்கள். நான் ஆடாமல் நிற்கிறேன்.

தாடி மட்டும் வேண்டாம். நீங்கள் சொல்வது எனக்குத் தெரிய வேண்டும்.

என்றும் உங்கள் நன்றியுள்ள,
லோர்னா ரிட்லி
இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது