மெயின் விழாத மதியம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று போனில் சொன்னாய், ஆனால் உன் குரல் வேறு மாதிரி சொன்னது, அதனால் நீ சொன்னதைப் பாதி நம்பிக்கொண்டு மீதியை உன் பதிலுக்காக வைத்திருக்கிறேன். இது முழுக்க என் கையெழுத்து. இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல மருந்துக்கடைக்காரர் எழுதியவை, அவருக்குத் தெரியாத நம் வீட்டு விஷயம் ஒன்றுகூடப் பாக்கி இல்லை, போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள், உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேசியே எத்தனையோ வருஷம் ஆகிறது. மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறேன், மேகம் போகிறது, திரும்பிப் பார்த்தால் மேகம்தான் போயிருக்கிறது, வரி அங்கேயே இருக்கிறது, இதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

மாப்பிள்ளையும் நீயும் பேசிக்கொள்வதில்லை, அவர் துணிமணியை எடுத்துக்கொண்டு அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார், யாரும் வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று நீ சொன்னாயே, அன்றைக்கே உன் அம்மா என் பையைக் கட்டிவிட்டாள். போயி அந்தப் பையனை நாலு கேள்வி கேட்டுட்டு பொண்ணைக் கையோட கூட்டிட்டு வாங்க, இங்க என்ன சோத்துக்கா பஞ்சம் என்றாள். அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, கோபம் வந்தால் நன்றாகவே படி ஏறுகிறாள். நானும் கிளம்புவதாகத்தான் இருந்தேன். லாண்டரியில் லீவு கேட்டேன், கரண்ட் பேனல் வேலை முடியட்டும், அப்புறம் போங்க என்றார் முதலாளி. அந்தப் பேனல் வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், எரிச்சல் படாமல் கேள், சுற்றி வளைத்து உன்னிடம்தான் வருவேன்.

எங்கள் லாண்டரியை நீ பார்த்திருக்கிறாய், ஆஸ்பத்திரி விரிப்பும் ஓட்டல் விரிப்பும் துவைக்க வருகிற இடம், ஒரு பக்கம் ஆளுயர டிரம்கள், நடுவில் டிரையர்கள், கடைசியில் சூடான ரோலர். ஈர விரிப்பை அந்தப் பக்கம் கொடுத்தால் இந்தப் பக்கம் காகிதம் மாதிரி வரும், வாங்குகிற பக்கம் நான். மதியத்தில் கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கி நீராவியில் கரைந்துவிடும், ஆட்கள் தெரிய மாட்டார்கள், வெள்ளை விரிப்புகள் மட்டும் தாமாக நடந்து போவது போல இருக்கும். புதுப் பேனல் வைத்ததிலிருந்து ஒரு தொல்லை, ரோலர் மோட்டாரில் ஈரம் இறங்கி ஷார்ட் ஆனால் ரோலர் மட்டும் நிற்பதோடு போகாது, மெயின் பிரேக்கரே விழுந்து, கரண்ட் போய் எல்லாம் நின்றுவிடும். டிரம்கள் சேர்ந்து கிளம்பினாலும் விழும். டிரம்கள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டு நிற்கும், உள்ளே தண்ணீர் அசைந்து அசைந்து அடங்கும், பிறகு ஓர் அமைதி வரும், நான் கையில் பாதி விரிப்போடு, நீ இருக்கிற இடத்தில் இப்போது வெயிலா மழையா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். முதலாளிக்கு அந்த அமைதி பிடிக்காது, ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் சூப்பர்வைசரை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். மெயின் பிரேக்கரின் முகத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது, எப்போது விழ வேண்டும் என்று பிரேக்கருக்குச் சொல்வது அதுதான், அதில் வரிசையாகச் சின்னத் திருகுகள். அவசரம் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அத்தனையையும் கடைசி வரைக்கும் திருகிவிட்டு, இனிமே விழுதான்னு பார்ப்போம் என்று மீசையைத் தடவிக்கொண்டார். விழவில்லைதான். ஆனால் எல்லா மெஷினும் சேர்ந்து ஓடிய ஒரு நாள் மெயின் கேபிள் சூடேறி ரப்பர் தீய்கிற வாசனை வந்தது, சோப்பு வாசனையை மீறி வந்தது, முதலாளி பயந்துபோய் வெளியிலிருந்து ஆளை வரவழைத்தார்.

வந்தது பிரேக்கர் டெஸ்ட் செய்கிற ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். கூடம் முழுவதையும் நிறுத்தி, யாரும் கரண்டைப் போடாதபடி பூட்டுப் போட்டு, பிரேக்கரை வெளியே இழுத்து, பெட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்பெனியில இருந்து வந்தப்ப எல்லாத் திருகும் அடியில இருந்திருக்கு, யாரும் செட் பண்ணல, அதனால தொட்டதுக்கெல்லாம் விழுந்துச்சு, இப்ப உச்சியில வச்சிருக்கீங்க, இது பிரேக்கரே இல்ல சார், கேபிள் எரியிறதை வேடிக்கை பார்க்கிற பெட்டி என்றாள். அப்ப நடுவுல வச்சிட்டுப் போம்மா என்றார் அவசரம். நடுவுல வைக்க இது என்ன ஃபேனா சார் என்றாள் அவள், மடிக்கிற பெண்கள் சிரித்த சிரிப்பில் அவசரத்துக்கு எங்கேயோ அவசர வேலை வந்துவிட்டது. எனக்கு வேலை இல்லாததால் நான் டார்ச் பிடித்தேன். எவ்வளவு லோடு தாங்குவது என்று ஒரு திருகு, அதற்கு மேலே போனால் எவ்வளவு நேரம் தாங்குவது என்று ஒரு திருகு. மோட்டார் கிளம்பும்போது கொஞ்ச நேரம் அதிகமாக இழுக்கும், அதற்கெல்லாம் பதறக் கூடாதாம். ஷார்ட் ஆனால்கூடக் கொஞ்சம் காத்திருக்க வைக்கிற திருகு ஒன்று உண்டு என்றாள், எனக்கு அது புரியவில்லை, ஷார்ட் ஆனா உடனே வெட்ட வேண்டாமாம்மா என்று கேட்டேன். ரோலருக்குன்னு கீழ ஒரு சின்ன பிரேக்கர் இருக்கு ஐயா, ரோலரை அதுதான் வெட்டணும், மெயின் முந்திக்கிட்டா ரோலரோட சேர்ந்து ஊரே இருட்டாயிடும், அதுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துட்டு அதனால முடியலன்னா மெயின் வெட்டும், கண்ணிமைக்கிற நேரம்கூட இல்ல, பொறுக்கத்தான் சொல்றோம், தூங்கச் சொல்லல என்றாள். டிசைன் ஆபீஸ் கொடுத்த தாளைப் பார்த்து ஒவ்வொரு திருகாக வைத்தாள், பிறகு ஒரு டெஸ்ட் பெட்டியைச் சொருகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டைக் கூட்டி, பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுக்கிறதா, விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று பார்த்தாள். கடைசியில் கண்ணாடி மூடி போட்டு சீல் வைத்தாள்.

அதற்கப்புறம் ஒரு மதியம் ரோலர் மறுபடி ஷார்ட் ஆனது. டப் என்று ஒரு சத்தம், என் கையில் இருந்த விரிப்பு நின்றுவிட்டது, இதோ இருட்டு வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. கண்ணைத் திறந்தால் டிரம்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, டிரையர் பக்கத்தில் இரண்டு பெண்கள் யாரோ ஒருத்தியின் நாத்தனாரைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள், ஒன்று நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. ரோலர் மட்டும் அமைதியாக நின்றது, எலக்ட்ரீஷியன் வந்து அதை மட்டும் பிரித்தார். ஒரு முனை சூடாகவும் ஒரு முனை ஈரமாகவும் இருந்த அந்த விரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் கனவில் நிற்பது போல நின்றேன், அந்த வெள்ளை வெளிச்சத்தில் எனக்கு உன் முகம்தான் வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்துவிட்டேனம்மா. பெத்த அப்பனா நீங்க என்று உன் அம்மா சாப்பிடாமல் படுத்தாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் திருகெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடி அடியிலேயே இருக்கிறது. நானும் அன்றுவரை அப்படித்தான். நான் அங்கே வந்து நாலு கேள்வி கேட்டால் உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற ஒரு விஷயம் இரண்டு குடும்பத்தின் விஷயமாகிவிடும், பிறகு நீங்களே நினைத்தாலும் விளக்குப் போட முடியாது. அதனால் வரவில்லை. மாப்பிள்ளையோடு இரு என்றும் சொல்லவில்லை, விட்டுவிட்டு வா என்றும் சொல்லவில்லை, வெட்டுவதோ சேர்ப்பதோ நீ செய்ய வேண்டியது, நீ எது செய்தாலும் இந்த வீட்டில் வெளிச்சம் இருக்கும். ஆனால் நான் தூங்கவில்லை என்பதைத் தெரிந்துகொள். அந்தப் பெட்டியில் இன்னொரு திருகும் இருக்கிறது, மிகப் பெரிதாக ஏதாவது வந்தால் ஒருத்தரையும் கேட்காமல், ஒரு நொடியும் பொறுக்காமல் வெட்டுவது அது. மாப்பிள்ளை ஒரு தடவை கை ஓங்கினார் என்று தெரிந்தால் உன் அனுமதிக்குக் காத்திருக்க மாட்டேன், அன்றைக்கே வண்டி ஏறுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கு. உன் மனசுக்குச் சரி என்று படுவது உனக்கு நல்லதாகவே முடியட்டும், அப்பாவும் அம்மாவும் உன் தலையில் கை வைத்துச் சொல்வதாக வைத்துக்கொள். பதில் போட மறக்காதே. எழுத முடிந்தால் எழுது, ஒன்றும் எழுத வராவிட்டால் வெறும் காகிதத்தை மடித்து அனுப்பு, அதையும் எனக்குப் படிக்கத் தெரியும், நீ கூப்பிடுவதாகப் படித்துவிட்டுக் கிளம்பி வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா