அடித்து இறுக்கிய மரை

இன்று காலை பேரனின் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரன் ஒரு கம்பியின் முனையில் நட்டு ஏறுவதற்கு மரை போட்டுக்கொண்டிருந்தான். சூடேறிய இரும்பும் விளக்கெண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன்மேல் எனக்கிருந்த பழைய கோபமும் கூடவே ஏறிவிட்டது. செத்தவனோடு சண்டை எதற்கு என்பாள் என் மனைவி. நீ என் சிநேகிதன். உனக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது.

ரயில் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் விழுப்புரம் லோகோ ஷெட்டில் நாம் இருவரும் ஃபிட்டர்கள். உன் அப்பா வேலையிலிருக்கும்போதே இறந்ததால் உனக்குக் கிடைத்த இடம் அது. வேலையை விட்டால் ரயில்வே வீடும் போய்விடும். அம்மாவையும் தங்கைகளையும் எங்கே வைப்பாய்? "ஜெயில்ல இருக்கறவனுக்காவது என்னிக்கு வெளிய வருவோம்னு தெரியும்டா" என்று கரி அப்பிய கையைத் துடைத்துக்கொண்டே சொல்வாய்.

சீமைக்குக் கப்பலேறிய ஆங்கிலோ-இந்தியர், சட்டைக்கார கார்டு ஒருவர் விட்டுப்போன ஹவாய் கிட்டார்தான் உனக்கு ஆறுதல். அதை மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் வழுக்கி வாசிப்பாய். ஆனால் இரும்பு நகர்ந்தால் எல்லாக் கம்பியும் சேர்ந்தே ஏறுகிறதே என்று உனக்கு ஒரு குறை. நாயனத்துக்குப் பின்னால் ஒத்து ஒரே சுருதியில் நிற்கிற மாதிரி ஒரு கம்பி நிற்க, இன்னொன்று மட்டும் ஏற வேண்டும் உனக்கு.

"இன்ஜின் பிரேக்க கம்பி போட்டுத்தான இஸ்க்கறோம்? இத்தயும் அப்படியே இஸ்த்துட்டா இன்னா?" என்று கேட்டாய் ஒரு நாள்.

கிட்டாருக்குக் கால் வைத்தாய். காலுக்கடியில் மிதிகட்டை. மிதிகட்டையிலிருந்து கம்பிகளுக்கு மெல்லிய இரும்புக் கோல்கள். கோலின் இரு முனையிலும் மரை போட்டோம், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, எண்ணெய் விட்டு விட்டு. முனையில் மாட்டும் நட்டைத் திருகினால் சுருதி கூடும், குறையும். முதல் தடவை நீ மிதித்து ஒரு கம்பி மட்டும் அழுதபடி மேலே ஏறியபோது உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து, "யாருடா அது?" என்றார்.

அந்தச் சமயம்தான் திண்டிவனத்தில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. அவர்களிடம் கிட்டார் வாசிக்கிறவர் ஏற்கெனவே இருந்தார். ஆனாலும் புதிதாக ஏதாவது காட்டுகிற ஆள் கிடைத்தால் நிரந்தரச் சம்பளம், குடும்பத்துக்கு மதராசில் வீடு என்று அவர்களுடைய நாடக வாத்தியார் சொல்லியிருந்தார். லீவு போட்டுவிட்டு நாம் இருவரும் ரயிலேறினோம். மயிலத்தில் அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்கிக் கொடுத்தேன். உனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

வண்டி குலுங்கியதில் சுருதி கலைந்திருந்தது. வாத்தியார் எதிரே உட்கார்ந்திருக்க, நீ மிதித்தாய். கம்பி பாதி ஏறி நின்றுவிட்டது. "ஒரு நிமிசங்க" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தாய். நட்டு அசையவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். நட்டுக்கு வெளியே நீண்டிருந்த கோல்முனை ஒவ்வொன்றும் சுத்தியலால் தட்டி நசுக்கப்பட்டிருந்தது. இன்ஜின் அதிர்வில் நட்டு கழன்றுவிடக் கூடாதென்று ஷெட்டில் நாம் கடைசியாகச் செய்கிற வேலை. முந்தின நாள் எல்லாம் முடித்த திருப்தியில் நீயேதான் தட்டியிருக்கிறாய்.

"கைடா... கை அதும்பாட்டுக்கு அட்ச்சிட்டுகீது" என்றாய் என்னிடம் மெதுவாக.

வாத்தியார் நல்ல மனுஷர். "பரவால்லீங்க, அத விட்டுட்டு வாசிங்க" என்றார். வாசித்தாய். அருமையாகத்தான் வாசித்தாய். "நல்லா இருக்குதுங்க. ஆனா இப்படி வாசிக்க எங்ககிட்டயே ஆளு இருக்கார். அடுத்த தரம் இந்தப் பக்கம் வரும்போது அந்த மிதிகட்டையச் சரிபண்ணிக் காட்டுங்க" என்றார்.

மறுநாளே புதுக் கோல் வெட்டித் தருகிறேன் என்றேன். "இரு, பாக்கலாம்" என்றாய். அதன்பிறகு கிட்டார் பரண்மேல் ஏறிவிட்டது. உன் தங்கைகளுக்குக் கல்யாணம் ஆனது. நீ இறுக்கிய நட்டு வழியில் கழன்றதே இல்லை என்று ஃபோர்மன் எல்லோரிடமும் சொல்வார்.

இதையெல்லாம் விதி என்று விட்டுவிடுவேன். ஆனால் கம்பெனி அடுத்த வருஷம் வந்தது, அதுவும் நம் விழுப்புரத்துக்கே. கொட்டகை ஸ்டேஷனுக்குப் பின்னால். உன்னிடம் சொல்லாமல் நானே கோல் வெட்டி, மரை போட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உன்னைத் தேடி வந்தேன்.

"டூட்டி போட்ருக்காங்கப்பா, இன்னா பண்றது" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

உனக்கு யாரும் டூட்டி போடவில்லை. அன்று மத்தியானம் ஃபோர்மன் அறை வாசலில் நீ நின்று, "சாயங்காலம் நான் பாத்துக்கறேங்க" என்று கேட்டு வாங்கியதை நான் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டேன். அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன். உன் ஜெயில் கதவு திறந்திருந்ததடா.