முன் சக்கரம் சுற்றவில்லை

ஜூன் 2, திங்கள்

விடியும் முன்பே மழை. ஸ்டேஷன் ரோட்டில் கணுக்கால் வரை தண்ணீர். கடை திறந்து உட்கார்ந்தும் ஜெராக்ஸ் எடுக்க ஈ காக்கை இல்லை. ஒரு கல்யாணக் கார்டுக்கு மட்டும் புரூஃப் பார்த்தேன். மாப்பிள்ளை பெயரில் பிழை. அவர்களே தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பழி என் தலையில்.

சாயங்காலம் ஜீப் வீட்டுக்கு வந்துவிட்டது. அழகியமண்டபத்தில் வேலப்பன் அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் மாதக்கணக்கில் கிடந்தது. இவர் ஓட்டி வந்து முற்றத்தில் நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட இந்த முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு சுற்றிச் சுற்றி வந்து காட்டினார். ஸ்பிரிங் பட்டை கூட்டி வண்டியை ஒரு சாண் உயர்த்தியாயிற்று. கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டன் டயர். ஓடையில் இறங்கினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்கக் கண்ணாடி ஓரமாக மேலே போகும் ஒரு குழாய். முன்னால் இழுவைக் கம்பி சுற்றிய வின்ச். முன் சக்கரத்துக்குக் கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் பிடித்த ஏதோ ஒன்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கறி அடுப்பில் இருந்தது.

14-ஆம் தேதி சோதனை. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட். மேல் பிளாக்கிலிருந்து ரப்பர் பாலையும், சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலையும் கீழே கொண்டுவர டிராக்டர் போகாது, போன மழையில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஜீப் ஏறி இறங்கிக் காட்டினால் இவருக்கு அங்கே வேலை. இல்லையென்றால் மறுபடி மஸ்கட். பழைய கம்பெனி கூப்பிடுகிறது. ஏஜென்ட் இந்த மாதமே பதில் கேட்கிறான்.

என்னிடம் கேட்டார். “உங்க இஷ்டம்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கிறிஸ்துமஸுக்கு ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று வந்தவர். முதல் மாதம் இந்த மனுஷன் எப்போது கிளம்புவார் என்றிருந்தது, பொய் சொல்வானேன். மிளகாய்ப்பொடி டப்பாவை இடம் மாற்றுவது, ஆள் இருக்கும்போதே ஃபேனை அணைப்பது. இப்போது அப்படி இல்லை. ஐம்பத்தாறு வயது, சுகர் வேறு. அந்த வெயிலில் மறுபடியும் புல்டோசருக்கு அடியில் படுக்க வேண்டாம். போகவே வேண்டாம். எழுத வருகிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 4, புதன்

வெயில், மழை, வெயில். துணி மூன்று தடவை எடுத்து மூன்று தடவை போட்டேன்.

என்னால் ஜீப்பில் ஏற முடியவில்லை! சேலையைத் தூக்கிப் பிடித்து, கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு லில்லி அக்கா மதில்மேல் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவருக்குச் சிரிப்பு. மலைக்கு வண்டி தயார், பெண்டாட்டிக்குத் தயார் இல்லை என்றேன். மத்தியானமே ஒரு இரும்புப் படி வைத்து வெல்டிங் அடித்துவிட்டார். கை சுத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அது ஒரு குறை.

ஷைனி போன். அப்பா போகிறாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். “அம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுவீங்களா இல்லியா?” கோயம்புத்தூரில் வேலைக்குப் போனதிலிருந்து வாய் கூடிவிட்டது.

சாளை மீன் மலிவு. மரச்சீனிக் கிழங்கு அவித்தேன்.

ஜூன் 7, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

வேளிமலை அடிவாரத்தில் என் அண்ணனின் ரப்பர் விளை. அந்தத் தோட்டத்தில் ஒரு சரிவு, செம்மண், நேற்றைய மழையில் ஊறிக் கிடந்தது. அங்கே ஓட்டிப் பார்க்கலாம் என்று போனோம். ஓட்டுகிறவருக்கு முன் சக்கரம் எங்கே போகிறது என்று தெரியாது, பானெட் மறைக்கும். அதனால் ஒரு ஆள் வெளியே நின்று கை காட்ட வேண்டும். அந்த ஆள் நான்.

பாதிச் சரிவு வரை நன்றாக வந்தது. பிறகு நின்றுவிட்டது. பின் சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிச் சேற்றை என் மேல் வாரி அடித்தன. முன் சக்கரம் அது பாட்டுக்கு நின்றது. இவர் இன்னும் மிதித்தார். இன்னும் புதைந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“தள்ளி நில்லுட்டி. ஒனக்கு என்ன தெரியும்?”

தள்ளி நின்றேன். பால் வெட்டுகிற ஆட்கள் நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். அவர்கள் முன்னால் வைத்துச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து சேற்றுத் துணியை நானே அலசினேன், அவருடையதையும் சேர்த்து. அதுவும் என் புத்தி.

ஜூன் 8, ஞாயிறு

தூறல். ஆராதனைக்கு நான் மட்டும். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. ‘சோறு’, ‘போதும்’, ‘கேட்டைப் பூட்டு’. அவ்வளவுதான்.

மத்தியானம் போனில் ஏஜென்டிடம் பேசினார். “பாக்கலாம், அநேகமா வருவேன்” என்று காதில் விழுந்தது. அநேகமா. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். காம்பும் இலையும் ஒன்றாகப் போயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

ஜீப் திரும்ப ஒர்க்‌ஷாப்புக்கு. முன் சக்கரத்துக்கு விசை பிரித்துக் கொடுக்கிற பெட்டியைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நான் கடைக்குப் பேப்பர் வாங்கிவிட்டு அந்த வழியே வந்தேன், எட்டிப் பார்த்தேன். பல் சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைத்திருந்தார்கள். வேலப்பன் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஒன்றும் தேயவில்லை, ஒன்றும் உடையவில்லை.

“எல்லாம் கொள்ளாம் மக்கா. பின்னே என்னத்துக்கு இழுக்கல்லன்னுதான் தெரியல்ல” என்றார் இவரிடம்.

 இவர் டயரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கரி. மஸ்கட்டில் புல்டோசரையே பிரித்து மாட்டியவர். ஒரு பழைய ஜீப் அவரை இப்படி உட்கார வைத்துவிட்டது. கோபம் கொஞ்சம் இறங்கியது எனக்கு. பேசத்தான் இல்லை.

இரவு அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்தார். பெரிய நீலப் பெட்டி. மஸ்கட் போகும்போது மட்டும் எடுப்பது.

ஜூன் 12, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை, சந்தோஷத்தில்.

நேற்றே எல்லாவற்றையும் அப்படியே மாட்டி வண்டியை வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டார். சனிக்கிழமை வரவில்லை என்று எஸ்டேட்டுக்குச் சொல்லிவிடப் போவதாகக் காலையில் சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் கட்டன் சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். இனியும் பேசாமலிருந்தால் மனுஷன் பெட்டியைக் கட்டிவிடுவார். என்ன பேசுவது? ஜீப்பைப் பற்றிக் கேட்கலாம் என்று தோன்றியது. அன்று சரிவில் முன் சக்கரம் சும்மா நின்றதே, அது அப்படித்தானா என்று கேட்டேன்.

டம்ளர் பாதி வழியில் நின்றது.

“சும்மா நின்னுச்சா?”

“ஆமா.”

“சுத்தவே செய்யல்லியா?”

“இல்ல. பின்னால உள்ளது சுத்தி எனக்க சேலையெல்லாம் சகதி. முன்னால உள்ளது வேடிக்கை பாத்துட்டு நின்னுது.”

எழுந்து மழையிலேயே போனார். லுங்கியை மடித்துக் கட்டி முன் சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்தார். சக்கரத்தின் நடுவில் கைப்பிடியளவு ஒரு குமிழ். அதைத் திருகினார். அந்தப் பக்கம் போய் அதையும் திருகினார். பிறகு அங்கேயே சேற்றில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயமாகிவிட்டது.

விஷயம் இதுதான். அந்தக் கோயம்புத்தூர் சாமான். தார் ரோட்டில் டீசல் மிச்சம் பிடிக்க அதைத் திறந்துவிடலாம், மேடு ஏறும்போது கையால் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் உள்ளே எந்த கியர் போட்டாலும் முன் சக்கரம் சுற்றாது. மாட்டியதே இவர்தான். மஸ்கட்டில் இத்தனை வருஷம் பொத்தானை அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வண்டிகளை ஓட்டிய பழக்கம், இறங்கித் திருக வேண்டும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. வேலப்பன் அண்ணன் அந்த மாதிரி சாமானை முன்பின் பார்த்ததில்லை, ஏதோ மூடி என்று நினைத்திருக்கிறார்.

“நீ அப்பமே சொல்லப்பிடாதா?”

“தள்ளி நில்லுன்னியள். நின்னேன்.”

லுங்கியில் கையைத் துடைத்தார். நாலு பேர் முன்னால் வைத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார், மழையைப் பார்த்துக்கொண்டு. போதும். எனக்கு அது போதும்.

கடை இன்று லீவு. யார் கேட்கப் போகிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

அதே சரிவு. ஏறியது. உச்சியில் போய் ஹாரன் அடித்தார். பால் வெட்டுகிறவர்கள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது, சேற்றுக் கையால் துடைத்து முகமெல்லாம் சிவப்பு.

நாளைக்குச் சேலை சரிப்படாது, ஷைனியின் அலமாரியிலிருந்து சுடிதார் ஒன்று எடுத்தேன். இடுப்பில் பிடிக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 14, சனி

மழை விட்டபாடில்லை. குலசேகரம் தாண்டி ஒரு கடையில் ரசவடை, சாயா. என்னால் ஒரு வடைகூட முழுசாகத் தின்ன முடியவில்லை. இவர் மூன்று தின்றார்.

எஸ்டேட் சூப்பர்வைசர் குடையும் ரப்பர் பூட்ஸுமாக நின்றார். கறாரான ஆள். சுடிதாரில் என்னைப் பார்த்து, இவங்க யாரு என்று கேட்டார்.

“முன் சக்கரம் பாக்கதுக்கு வந்தவ” என்றார் இவர்.

கீழேயே இறங்கிக் குமிழ் இரண்டையும் பூட்டினோம். நானும் தொட்டுப் பார்த்தேன். ஓடையைத் தாண்டியது, படிக்கு மேல் தண்ணீர். மேல் பிளாக் வரை ஒரே மூச்சில் ஏறியது. சூப்பர்வைசர் முகத்தில் ஒன்றுமில்லை. ஏறுவது பெரிய காரியமில்லை, பாரத்தோடு இறங்கிக் காட்டுங்கள் என்றார். ஒட்டுப்பால் மூட்டைகளை ஏற்றினார்கள். என்ன நாற்றம்!

இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாதாம், மிதித்தால் வழுக்கும். சின்ன கியரில் போட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பாதை அறுத்துப்போன இடத்தில் நான் மேட்டுப் பக்கமாக ஏறி நின்றுகொண்டேன். வண்டி உறுமிக்கொண்டு பைய வந்தது. திடீரென்று பின்பக்கம் வழுக்கி, முன் சக்கரம் பள்ளத்துப் பக்கம் திரும்பிவிட்டது. சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு கை அகலம். கீழே ரப்பர் மரங்களின் தலை தெரிந்தது. இவருக்கு அது தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

கையைத் தூக்கினேன். நின்றார். சூப்பர்வைசர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார், இவர் திரும்பவில்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுப் பக்கம் ஒடிக்கச் சொல்லிக் காட்டினேன். ஒடித்தார். கொஞ்சம் முன்னால். நில். இன்னும் ஒடி. வா. வா. மண் பெயர்ந்து உருண்டு போகிற சத்தம் கேட்டது. வா.

வந்துவிட்டது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, ஜூலையிலிருந்து வரலாம் என்றார். வருகிற அன்று உங்க வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாங்க என்றார். சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் சொன்னார்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு பேரும் ஆராதனைக்குப் போனோம். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி.

மத்தியானம் ஏஜென்ட் போன். இந்த முறை ஃபோர்மேன் வேலையாம். ஏசி ரூம், வண்டிக்கடியில் படுக்க வேண்டாம், மேற்பார்வை மட்டும். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். “நாளைக்குச் சொல்லுதேன்” என்று வைத்தார்.

நாளைக்கு என்னத்தைச் சொல்ல? எஸ்டேட் வேலைதான் ஆகிவிட்டதே! கேட்கவில்லை நான். அவரும் சொல்லவில்லை. நீலப் பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில்.

ஜூன் 16, திங்கள்

வெயில். காலையில் மெத்தை, தலையணை எல்லாம் வெளியே போட்டேன். வீடு துடைத்தேன். கடைக்குக் கிளம்புகிற நேரம், இவர் குளிக்கப் போயிருந்தார். மேசையில் போன் அடித்தது. ஏஜென்ட்.

எடுத்தேன்.

அண்ணன் என்ன முடிவு பண்ணினார் என்று கேட்டான். என் வாயில் ‘அவரு இஷ்டம்’ என்று வந்துவிட்டது, பாதிவரை. விழுங்கினேன்.

“அவரு வரமாட்டாரு. நான் விடமாட்டேன்.”

அக்கா, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, என்று இழுத்தான். கேட்க வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.  எஸ்டேட் இறக்கத்தில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

இவர் தலை துவட்டிக்கொண்டு வந்து, யார் போனில் என்று கேட்டார். சொன்னேன். நான் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். துடைத்த தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றார். ஏசி ரூமைக் கெடுத்துவிட்டாயே என்று பாய்வாரோ என்று பார்த்தேன்.

“நீ ஒண்ணும் சொல்லல்ல. அதனால நான் போனா ஒனக்கு நிம்மதின்னு நெனச்சிட்டேன் ட்டி” என்றார்.

கடைக்குப் போகவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து தோசை சுட்டுத் தின்றோம்.